போதை மீட்பு மையத்திலோ மனநல வார்டிலோ சேர்க்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவரை உள்நோயாளியாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது எழும் கேள்விகள் இவை. பெரும்பாலும் மனைவி, அம்மா, கூடப்பிறந்தவர்கள்தான் கேட்கிறார்கள். அதனால் பதிலும் அவர்களை நோக்கியே இருக்கிறது. வலிப்பு, ரத்த வாந்தி, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, தற்கொலை முயற்சி என எதுவாவது இப்போது நடந்துகொண்டிருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு, மீட்பு மையம் அல்ல.

தினமும் குடிக்கிற எல்லாரையும் உள்ளே சேர்க்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். பலருக்கு வாரம் ஒருமுறை ஓ.பி.க்கு வந்து மாத்திரையும் கவுன்சலிங்கும் எடுத்துக்கொண்டாலே போதும். யாருக்கு எது என்று முடிவு செய்ய முதலில் அளவு தெரிய வேண்டும். "ஒரு குவார்ட்டர்தானே" என்று பலர் சொல்வார்கள். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆஃப் என்றால் 120 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம் வரை இருக்கும், ஆகவே "பீர்தான், பிராந்தி இல்லை" என்பதால் கணக்கு பெரிதாக மாறிவிடாது. தினம் ஒரு குவார்ட்டரே உடலுக்கு அதிக ஆபத்தான அளவுதான்.

அளவைவிட முக்கியம், நிறுத்தினால் என்ன ஆகிறது என்பது. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாத ஆள் தெரிந்தாரா? ஈரல் கெட்டிருக்கிறதா, சர்க்கரை நோய் உண்டா, சாகப் போகிறேன் என்று பேசுகிறாரா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் குடியை நிறுத்துவதை வீட்டில் வைத்து முயல வேண்டாம்.

கார்த்திகையில் மாலை போட்டால் தானாக நிறுத்திவிடுவார். அது போதாதா?

விரதம் மனதுக்குப் பெரிய பலம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் மாலை போட்ட அன்று சட்டென்று நிறுத்தினால் உடல் அதைத் தாங்காமல் போகலாம். கோவிலில் கயிறு கட்டிக்கொள்வது, சத்தியம் செய்வது எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

மதுவுக்குப் பழகிய மூளை, அதன் மந்தத்தைச் சமாளிக்க எப்போதும் கூடுதல் வேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கிறது. மது திடீரென்று இல்லாமல் போனால் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டிவிட்டார், இனிப் பயமில்லை என்று குடும்பம் மூச்சு விடும் நேரத்தில்தான், அதாவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், மிக ஆபத்தான கட்டம் வருகிறது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார். படுக்கையில் இல்லாத எதையோ பொறுக்குவார். பகலா இரவா தெரியாது, காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். இதற்கு டெலிரியம் டிரெமன்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை. பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போகும்போது கைநழுவுவது இந்த மணி நேரங்கள்தான்.

சரியான வழி: மாலை போடும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மருந்தின் துணையோடு நிறுத்திவிட்டுப் பிறகு மாலை போடட்டும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடுகிறாரே?

அந்த வழக்கத்தில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. தொடர்ந்து குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதும் உடலில் சேர்வதில்லை. அதனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் வேண்டும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருந்ததும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண் ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், குழம்பிப் பேசுவார். குடித்த ஆள்போலவே தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். ட்ரிப் ஏற்றும் முன் "பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எங்கே போவது?

முதல் கதவு அரசு மருத்துவமனைதான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவைக் கேட்டு ஓ.பி. சீட்டு போடுங்கள். ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் ஓசூர் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருகிறது. அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை ஆட்கள் தங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே விசாரித்துக்கொண்டால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

சிக்கலான நிலைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஓசூருக்கு இன்னொரு வசதி, பெங்களூர் நிம்ஹான்ஸ் பக்கத்தில் இருக்கிறது. மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை, போதை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. விடியற்காலையில் கிளம்பினால்தான் அன்றைக்கே பார்த்துவிட்டுத் திரும்ப முடியும்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவசப் போதை மறுவாழ்வு மையங்களும் உண்டு. அருகில் எது என்பதை 14446 என்ற எண்ணில் கேட்கலாம். மனநலம் சார்ந்த எதற்கும் 14416, டெலி மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

மொழியையும் யோசியுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய. மருந்துக்கு மொழி தேவையில்லை, கவுன்சலிங்குக்குத் தேவை. நோயாளி மனதைத் திறந்து பேசும் மொழியில் பேச ஆள் இருக்கிறதா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள்.

அவர் வர மாட்டேன் என்கிறார். "வண்டி அனுப்புகிறோம், தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்" என்று ஒரு மையம் சொல்கிறது. சரி சொல்லலாமா?

சொல்லாதீர்கள். ராத்திரியில் நாலு பேர் வந்து கையைக் கட்டி வண்டியில் ஏற்றுவது சிகிச்சை அல்ல. போதையில் இருப்பவரைக் குப்புறப் போட்டு அமுக்கும்போது மூச்சு அடைத்துப்போகலாம். உயிரோடு போய்ச் சேர்ந்தாலும் "என்னைப் பிடித்துக் கொடுத்தவர்கள்" என்ற கோபம் மனதில் உட்கார்ந்துவிட்டால் வெளியே வந்தபின் மருந்து சாப்பிட வைப்பதே பெரும்பாடாகிவிடும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதையால் வரும் மனப் பாதிப்பையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. அதன்படி உள்நோயாளியாகச் சேர முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அவரே சம்மதித்துச் சேர்வது. அப்படிச் சேர்ந்தவர் "நான் போகிறேன்" என்றால் விட வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை இருந்தால் மட்டும், பரிசோதித்து முடிவு செய்ய 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். இரண்டாவது, 89-ஆம் பிரிவின்படி ஆதரவுடன் சேர்ப்பது. இதற்கு அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவருக்குத் துணையாக நிற்க நியமிக்கப்பட்டவர், விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். அண்மையில் தன்னைத் தானே காயப்படுத்தியிருக்க வேண்டும், அல்லது பிறரைத் தாக்கியிருக்க வேண்டும், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். மிரட்டலும் முயற்சியும் இதில் அடங்கும். இப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். 7 நாளுக்குள், நோயாளிகளின் உரிமையைக் காக்க இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பெண்ணோ சிறுவரோ என்றால் 3 நாளுக்குள். "அண்ணன் கையெழுத்துப் போட்டார், ஆறு மாதம் வைத்திருப்போம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

நியமனப் பிரதிநிதியை அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வாங்கிவிடலாம். வெள்ளைத்தாள் போதும். இன்னார் எனக்குப் பிரதிநிதி என்று எழுதி அவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். பதினெட்டு வயது தாண்டிய, அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதிக்கிற யாரும் இருக்கலாம்.

சம்மதிக்க வைக்க வழி இருக்கிறது. பேசும் நேரம் முதலில் சரியாக வேண்டும். ராத்திரி தள்ளாடி வரும்போது பேசிப் பயனில்லை, காலையில் தெளிவாக இருக்கும்போது, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பேசுங்கள். "குடியை விடு" என்பதைவிட, அவரே படும் கஷ்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. "ராத்திரி தூக்கமே இல்லைன்னு சொல்றீங்களே, வயிறு எரியுதுன்னீங்களே, ஒருதடவை டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்று கேட்டால் பலர் எழுந்து வருகிறார்கள். அவர் மதிக்கிற ஒருவர், மாமாவோ, பழைய வாத்தியாரோ, கம்பெனி சூப்பர்வைசரோ, கூட இருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து பஞ்சாயத்து வைக்காதீர்கள். அவர் வரவே மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் ஓ.பி.க்குப் போய்ப் பேசலாம், அப்படியும் சிகிச்சை தொடங்கும்.

அடித்தால், கத்தி எடுத்தால், அது வேறு விஷயம். 112-ஐயோ பெண்கள் உதவி எண் 181-ஐயோ உடனே கூப்பிடுங்கள். நோய் என்பதால் அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

தனியார் மையத்தை நேரில் பார்க்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

போனில் பேசி, ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பிச் சேர்க்க வேண்டாம். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகும் முன், ஒரு நாள் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்.

முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல, போதை உள்நோயாளி மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். சான்றிதழில் உள்ள பெயர், முகவரி, படுக்கை எண்ணிக்கை மூன்றையும் நீங்கள் நிற்கும் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு வலிப்பு வந்தா என்ன செய்வீங்க?" நல்ல மையத்தில் பதில் உடனே வரும். பணியில் இருக்கும் நர்ஸ் யார், எந்த ஊசி கையிருப்பில் இருக்கிறது, ஆக்சிஜன் எங்கே, எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டியில் அனுப்புவோம் என்று சொல்வார்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்று மழுப்பினால் அங்கே ராத்திரியில் மருத்துவம் தெரிந்த ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு குடித்து மீண்டவர்கள் கவுன்சலராக இருப்பது நல்லதுதான். அவர்களே வார்டு பாய், நர்ஸ், டாக்டர் எல்லாமாக இருப்பது கூடாது.

படுக்கை அறைக்குள் போய்ப் பாருங்கள். விடவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். வெளியிலிருந்து பூட்டிய அறை, ஜன்னலுக்கு வெல்டிங் அடித்த கம்பி, ஒரே வாசல் என்றால் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் அதுதான் நடந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து இறந்தார்கள். இன்று எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவது சட்டப்படி தடை. கட்டாயமாக மொட்டை அடிப்பதும், கூலி இல்லாமல் வேலை வாங்குவதும் கூடாது.

சமையல்கட்டு, கழிவறை இரண்டையும் பாருங்கள். மாத்திரை எப்படித் தருகிறார்கள் என்று பாருங்கள். அட்டையோடு, பெயர் எழுதிய டப்பாவில் இருக்க வேண்டும், உரித்துப் பேப்பரில் மடித்த மாத்திரை என்றால் என்ன மருந்து என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. மனநல மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே இருக்கும் ஒருவரிடம் ஊழியர் இல்லாமல் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

"நூறு சதவீதம் கியாரண்டி" என்பவர்களையும், வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களையும், "மூன்று மாதம் போனே பேசக் கூடாது" என்பவர்களையும் நம்ப வேண்டாம். பார்வையாளரைச் சந்திப்பதும் போனில் பேசுவதும் நோயாளியின் உரிமை.

எத்தனை நாள் இருக்க வேண்டும்? உள்ளே என்ன நடக்கும்?

முதல் 7 முதல் 10 நாள் உடலுக்கு. ரத்தம், ஈரல், சர்க்கரை, உப்புச் சத்துகள், ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்தை முதல் நாளில் அதிகமாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம். கூடவே தயமின். இந்தக் கட்டத்தில் அவர் நிறையத் தூங்குவார், பேச்சு மந்தமாக இருக்கும். "மயக்க ஊசி போட்டே வைத்திருக்கிறார்களோ" என்று குடும்பம் பதறுவது இங்கேதான். பத்தாம் நாளுக்குப் பிறகும் அப்படியே இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்த கட்டம் மனதுக்கு. தனியாக கவுன்சலிங், குழுவாகப் பேசுவது, குடும்பத்தோடு உட்கார்வது, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் சேர்ந்து பேசும் கூட்டங்கள். மொத்தமாக ஒரு மாதம் பலருக்குப் போதும், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். குடும்பக் கூட்டத்துக்கு வரச் சொல்லும் நாட்களைத் தவறவிடாதீர்கள். ஆளை மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதும் என்று நினைக்கும் வீடுகளில்தான் மறுபடி சறுக்கல் சீக்கிரம் வருகிறது.

செலவு? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அரசு மருத்துவமனையில் இலவசம். தனியாரில் மாதக் கட்டணத்தில் மருந்து, ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் அடங்குமா என்றும், பாதியில் கிளம்பினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆகவே மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவ நோய்க்கு உள்நோயாளிச் செலவைக் கேட்கலாம். ஆனால் குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையைப் பெரும்பாலான தனியார் மருத்துவ பாலிசிகள் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன. சேரும் முன் பாலிசியின் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அந்த அட்டையை மறக்கவே கூடாது. தகுதி இருந்தால் நோய்விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தீவிர மனநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதற்கு மேலும் நீட்டிப்பு கேட்கலாம்.

சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பஸ் ஸ்டாண்டு போஸ்டரிலும் யூடியூபிலும் விற்கும் "குடியை மறக்க வைக்கும் பொடி"யில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது. டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இதய நோய் உள்ளவர் செத்தே போகலாம். அந்த மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுப்பவருக்கு அதே மருந்து நல்ல துணை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடிக்கும் ஆசையையே குறைப்பவை. டாக்டரிடம் இவற்றைப் பற்றிக் கேளுங்கள்.

குடியா, மனநோயா என்றே தெரியவில்லை. யாரிடம் காட்டுவது?

இரண்டும் சேர்ந்திருப்பது மிகவும் சாதாரணம். தூக்கம் வராமல் குடிக்கத் தொடங்கியவர், காதில் கேட்கும் குரலை அடக்கக் குடிப்பவர், குடித்துக் குடித்தே மனச்சோர்வில் விழுந்தவர் என்று பல வகை. மது நின்று சில வாரம் ஆன பிறகும் சோகமோ, சந்தேகமோ, குரல் கேட்பதோ தொடர்ந்தால் அது தனி நோய், தனி மருந்து வேண்டும். கவுன்சலிங் மட்டும் தரும் மையத்தில் இது கண்ணில் படாமலே போய்விடும். மனநல மருத்துவர் இருக்கிற இடமாகப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மனநோய்க்கான மருந்துகளில் லித்தியம் எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவையும், குளோசாபின் எடுப்பவருக்கு வெள்ளை அணுக்களையும் மையத்தில் இருக்கும்போதும் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஷாக் வைப்பார்களா?

குடியை நிறுத்த அது சிகிச்சையே அல்ல. கடுமையான மனச்சோர்வு, சாப்பிடாமல் பேசாமல் உறைந்துபோன நிலை, தற்கொலை எண்ணம் தீராத நிலை ஆகியவற்றில் மின் அதிர்வு சிகிச்சை நன்றாகப் பலன் தரும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பது சட்டப்படி தடை. சில நாள் மறதி இருக்கும், பெரும்பாலும் திரும்பிவிடும்.

மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறான். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?

பயந்து ஒளித்து வைக்காதீர்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். ஊசி போட்டவருக்கு ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றும் பரிசோதிக்க வேண்டும்.

இந்த வகைப் போதையில் மிக ஆபத்தான நாள், மையத்திலிருந்து வீட்டுக்கு வரும் நாள். சில வாரம் நிறுத்தியதும் உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. பழைய அளவையே ஒரு தடவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதினாறு வயதுப் பையனைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமித்த ஒருவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் கூட இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். "விட்டுட்டுப் போங்க" என்று சொல்லும் மையத்தில் விடாதீர்கள்.

பெண்களுக்கு?

தனி வார்டு, பெண் ஊழியர், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிவறை மூன்றும் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று பெண்களை மட்டும் கடைசிவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அவர்கள் வந்து சேரும்போது ஈரல் பெரிதும் கெட்டிருக்கிறது. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் காட்டினால் யாருக்கும் தகவல் போகாது, ரகசியம் காப்பது சட்டக் கடமை.

சேர்க்கும் நாளில் என்ன கொண்டு போக வேண்டும்?

ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அல்லது ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள். எல்லாவற்றையும்விட ஒரு துண்டுச் சீட்டு: கடைசியாக என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குக் குடித்தார், வேறு மாத்திரை, கஞ்சா உண்டா, எப்போது வலிப்பு வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. இதை வைத்துத்தான் முதல் ஊசியின் அளவே முடிவாகும். மூக்குக் கண்ணாடி, லுங்கி, செருப்பு, பல் செட் மறக்கப்படுபவை. நகை வேண்டாம்.

உள்ளே அடிக்கிறார்கள் என்று தெரிந்தால்?

உடனே நேரில் போய் ஆளைப் பாருங்கள், காயத்தைப் படம் எடுங்கள், வெளியே கூட்டி வந்து அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், அடிபட்டிருந்தால் காவல் நிலையத்திலும். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்பதும், இலவசச் சட்ட உதவி பெறுவதும் நோயாளியின் உரிமை. சட்ட உதவிக்கு 15100.

ரோட்டில் திரியும் மனநோயாளியைப் பார்த்தால்?

காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்துவிட்டார். இனி?

இங்கிருந்துதான் நீண்ட வேலை. கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துப் பெயர்களோடு, கையில் இருக்க வேண்டும். முதல் ரிவ்யூ ஒரு வாரத்தில், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, குறைந்தது ஒரு வருடம். தூரம் பார்த்துத் தவறவிடுவதைவிட, மருந்தைத் தாலுகா மருத்துவமனை மனநல முகாமுக்கு மாற்றித் தரச் சொல்லி வாங்குங்கள்.

முதல் மூன்று மாதம் சறுக்க அதிக வாய்ப்புள்ள காலம். எந்த நாள் என்று முன்கூட்டியே உட்கார்ந்து எழுதுங்கள்: சம்பள நாள், மாங்காய் வெட்டி மண்டிக்காரர் பணம் தரும் நாள், காதுகுத்து, கெடா விருந்து, துக்க வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். சம்பளம் மனைவி கணக்குக்கு நேராக வரலாம். விருந்துக்குக் காலையிலேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் பாட்டில் திறக்கும் முன் கிளம்பலாம். துக்க வீட்டுக்குத் தனியாக அனுப்பாமல் கூடப் போகலாம். டாஸ்மாக் கடை வழியாகத்தான் வேலைக்குப் போகிறார் என்றால் வழியை மாற்றலாம். பாக்கெட்டைத் துழாவுவதும், வாயை ஊதச் சொல்வதும் இரண்டு வாரத்தில் சண்டையாகிவிடும். மாத்திரையை உங்கள் எதிரில் போடுவது என்று இருவரும் பேசி ஒத்துக்கொண்டால் சந்தேகத்துக்கு வேலை குறையும்.

ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று ஆகாது. டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருந்து குடித்திருந்தால் உடனே மருத்துவமனை. மற்றபடி மறுநாளே டாக்டருக்கு போன், அடுத்த ஓ.பி.யில் நேரில். ஒரு நாள் சறுக்கலில் நிறுத்தினால் பல சமயம் மறுபடி அட்மிட் செய்யத் தேவையில்லை. வெட்கப்பட்டு ஒளித்து இரண்டு வாரம் ஓட்டினால் நடுக்கம், வலிப்பு, பத்து நாள் ஊசி என்று எல்லாம் முதலிலிருந்து.

மனநோய்க்காக இருந்து வந்தவர் தெளிவாக இருக்கும்போதே, மறுபடி நோய் வந்தால் எந்த மருத்துவமனை, எந்த மருந்து வேண்டாம், யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதி வைக்கலாம். சட்டம் அதை மதிக்கிறது. ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் டாக்டரின் கோப்பில் இருக்கட்டும்.

உங்கள் தூக்கம், உங்கள் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இத்தனை நாள் தள்ளி வைத்திருப்பீர்கள். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது உங்கள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள்.